துணைக்கு ஒரு பழம்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிளினிக்குக்குக் கொழுப்பு மாத்திரை வாங்கப் போகிறேன். மருந்து கொடுக்கும் மலாய்ப் பெண் பொட்டலத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டு ஒவ்வொரு முறையும் அதே வாக்கியத்தைச் சொல்வாள். "அங்கிள், கிரேப்ஃப்ரூட் சாப்பிடக் கூடாது, ஞாபகம் இருக்கா?" அந்த மாத்திரைக்கும் அந்தப் பழத்துக்கும் ஒத்துக்கொள்ளாதாம். நான் தலையாட்டுவேன். என் எழுபத்து நான்கு வயதில் அந்தப் பழத்தை ஒரே ஒரு தடவைதான் சாப்பிட்டிருக்கிறேன். அதுவும் பாதி. அந்தப் பாதியை எனக்குக் கொடுத்த பெண்ணைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் பெயரை இதில் எங்கும் எழுதப்போவதில்லை. அதை என் நாகரிகம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

சிங்கப்பூருக்கு இக்கரையில் இருக்கும் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கடை வரிசையின் கடைசியில், சீன மருந்துக் கடையின் பக்கச் சுவரை ஒட்டி அவர் வெட்டுப்பழம் விற்றார். ஒரு மடக்கு மேசை, ஐஸ் பரப்பிய கண்ணாடிப் பெட்டி, வெளுத்துப்போன பெரிய குடை. அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அன்னாசியைச் சுழற்றிச் சுழற்றி அதன் கண்களை வரிசையாகத் தோண்டியெடுப்பார். கை பாட்டுக்கு வேலை செய்யும்; வாய் வந்தவரோடு பேசிக்கொண்டிருக்கும். கொய்யாவோ மாங்காயோ வெட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, புளிப்பும் உப்புமான ஆசாம்பொய் தூளைத் தூவி, பையை நாலு குலுக்குக் குலுக்கி, மூங்கில் குச்சியைக் குத்திக் கொடுப்பார். மற்றக் கடைகளில் ஒரு குச்சி. இவர் இரண்டு குத்துவார்.

"நான் ஒருத்தன்தானேம்மா, எதுக்கு ரெண்டு?" என்று முதல் நாள் கேட்டேன். என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"இருக்கட்டும் சார். யாராச்சும் வருவாங்க."

"யாரும் வரமாட்டாங்க."

"குச்சி இல்லன்னா வரமாட்டாங்கதான்," என்றார்.

யாரும் வரவில்லை. ஆனால் எங்கள் சமையலறை இழுப்பறையில் பயன்படாத குச்சிகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றை நான் எறியவும் இல்லை.

எதையும் தனியாக விட அவருக்கு மனம் வராது. வயதான சீனக் கிழவி ஒருத்தி தள்ளுவண்டியோடு ரோட்டைக் கடக்கத் தயங்கி நின்றால் கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு, "சார், கொஞ்சம் பாருங்க," என்று ஓடிவிடுவார். வாங்க வந்தவர்கள் நிற்பார்கள். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியரான நான் கையில் பழக்கத்தியோடு உட்கார்ந்திருப்பேன். அவர் அந்தக் கிழவியை எதிர்ப்பக்கம் சேர்த்துவிட்டு, அவளோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் திரும்புவார்.

சொற்களிடமும் இதே குணம். வெளிச் சொற்களைப் பெரும்பாலும் அவர் தனியாக உச்சரிக்கமாட்டார். 'கேட்டுக் கதவு' என்பார். 'லோரி வண்டி' என்பார். இரவுச் சந்தையை மலாயில் 'பாசார் மாலாம்' என்று எல்லோரும் சொல்ல, இவர் 'பாசார் மாலாம் சந்தை' என்பார். நன்றி சொல்லும்போதுகூட 'தேங்க்ஸு நன்றி சார்.' ஒரு நாள் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"வேத்து ஊரு சொல்லு சார். தனியா அனுப்புனா வழி தவறிப் போயிடும். நம்ம சொல்லு ஒண்ணத் துணைக்குப் போட்டு அனுப்புனா போய்ச் சேர்ந்திடும்."

நல்ல பதில் என்று அப்போதே தோன்றியது. ஆனால் வீட்டுக்குப் போய் நான் எழுதி வைத்தது அந்தப் பதிலை அல்ல. 'கேட்டுக் கதவு' என்பதைத்தான். என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தபோது மாணவர்கள் செய்த வேடிக்கையான பிழைகளை அதில் சேர்த்து வைத்திருந்தேன். ஆசிரியர் அறையில் படித்துக் காட்டினால் எல்லோரும் சிரிப்பார்கள். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

அவர் பிறந்தது ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். நானும் ரெங்கத்தில் வளர்ந்தவன் என்று தெரிந்த அன்று, "அலமாக்! நம்ம ஊரா சார் நீங்க?" என்று மலாயில் வியந்து, எனக்கு ஒரு பப்பாளித் துண்டு கூடுதலாகப் போட்டார். நான் ஆமாம் என்றேன். ஆனால் அது முழு உண்மை இல்லை. என் அப்பா ரயில்வேயில் கிராணியார், அதாவது குமாஸ்தா. நாங்கள் சிலோன்காரர்கள், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். தோட்டத்துப் பிள்ளைகள் லோரியில் பள்ளிக்கு வந்து இறங்குவார்கள். "அவையளோடை கதைச்சு உன்ரை பேச்சைக் கெடுத்துப்போடாதை," என்று அம்மா சொல்லி அனுப்புவார். ஆறு வருடம் ஒரே வகுப்பில் இருந்தும் அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. தோட்டத்துப் பிள்ளைகள் என்ற ஒரு சொல்லே எங்கள் வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு மேல் சிங்கப்பூரில் வேலை முடிந்து வருகிறவர்கள் அந்த வழியாகப் போவார்கள். அவர்களில் ஒரு பெண், ஏதோ ஒரு கடையின் பச்சைச் சட்டையோடு, கழற்ற மறந்த பெயர் வில்லையோடு பழம் வாங்க வருவாள். அவள் போன பிறகும் இவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"பாருங்க சார், நெஞ்சுல பேரு."

"அதுக்கென்ன?"

"பாசிர் கூடாங்ல பாக்டரியில பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். அங்க நான் நம்பரு. பாக்டரிய மூடுனாங்க, இங்க வந்தேன். இங்க நான் அக்கா, ஆன்ட்டி, பழக்காரம்மா. அப்பா வச்ச பேரு ஐசிக்குள்ளேயே கிடக்கு." அடையாள அட்டையைத்தான் சொன்னார். "ஒரு நாளாச்சும் அதை நெஞ்சுல குத்திக்கிட்டு வேலை பார்க்கணும் சார். சாகறதுக்குள்ள."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விளையாட்டில்லை என்பது எனக்குப் புரிந்தது. என் பழைய மாணவன் ஒருவன் சிங்கப்பூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பழப் பிரிவுக்கு சூப்பர்வைசராக இருந்தான். எங்கள் பகுதியிலேயே வீடு. அவனிடம் பேசினேன். "பழம் பார்க்கத் தெரியும், வெட்டத் தெரியும்னா எனக்கு வேற என்ன சார் வேணும்? கஸ்டமர் கேட்டா இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்," என்றான். அந்த இரண்டு வார்த்தையை நான் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னேன். நானே முன்வந்து சொன்னேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பிறகு நடந்ததை அது குறைக்காது.

மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் இருக்காது. பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்துவேன். அவர் நின்றுகொண்டே படிப்பார்.

"மை நேம் பேரு..." என்று தொடங்கித் தன் பெயரைச் சொல்வார்.

"பேரு வேண்டாம். மை நேம் இஸ்."

"மை நேம் இஸ் பேரு..."

"பேரு வேண்டாம்மா!"

இப்படி ஒரு வாரம். தினமும் அவர் தன் பெயரை என்னிடம் சொன்னார். நான் அதற்கு முன்னால் இருந்த சொற்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு பழங்கள்.

"திஸ் இஸ் ஆப்பிள் ஃப்ரூட்."

"ஃப்ரூட் வேண்டாம். ஆன் ஆப்பிள்."

"மொட்டையாவா சார்?"

"மொட்டையாத்தான்."

"அப்ப காயா பழமான்னு எப்படித் தெரியும்?"

"இங்கிலீஷ்ல காய்க்குத் தனிச் சொல், பழத்துக்குத் தனிச் சொல் கிடையாது. மாங்காயும் மேங்கோ, மாம்பழமும் மேங்கோ."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "பாவம் சார் அவங்க," என்றார். உண்மையாகவே இரக்கப்பட்டார்.

ஆப்பிள் வந்தது. ஆரஞ்சு வந்தது. பனானாவும் மேங்கோவும் துணை இல்லாமல் நடக்கப் பழகின. திராட்சையில்தான் சிக்கல். மேசையின் ஓரத்தில் கறுப்புத் திராட்சைப் பொட்டலங்களும் வைத்திருப்பார். அதைத் தூக்கிக் காட்டினால், "திஸ் இஸ் கிரேப் ஃப்ரூட்," என்பார்.

"அது வேற பழம்மா. கிரேப்ஃப்ரூட்ன்னா பம்ளிமாஸ் மாதிரி, ஆரஞ்சுக்கு அண்ணன். இது கிரேப்ஸ்."

"கிரேப்புக்குப் பக்கத்துல ஃப்ரூட்டைப் போட்டா பம்ளிமாஸ் ஆயிடுமா?"

"ஆயிடும்."

பழம் வாங்க வந்த இரண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டிராகன் ஃப்ரூட் சொல்லலாமா சார்?"

"சொல்லலாம்."

"ஸ்டார் ஃப்ரூட்?"

"சொல்லலாம்."

"ஜேக் ஃப்ரூட்?"

"சொல்லணும். வெறும் ஜேக்னா ஆளு பேரு."

"அப்ப இந்தக் கிரேப் மட்டும் என்ன சார் பாவம் பண்ணுச்சு? அதுக்கு மட்டும் ஏன் துணை கிடையாது?"

இளைஞர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சார் மாட்டிக்கிட்டாரு லா!" என்றான் ஒருவன்.

எனக்கு விடை தெரியவில்லை. இன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அவரும் சிரித்திருப்பார், நானும் சிரித்திருப்பேன். ஆனால் வாழ்நாள் முழுவதும் வகுப்பில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே காலம் தள்ளியவன் நான். "அது அப்படித்தான். கேள்வி கேட்காம மனப்பாடம் பண்ணு," என்றேன். அதுவரை 'பண்ணுங்க' என்றுதான் சொல்லிவந்தேன். அவர் அதைக் கவனித்தாரா தெரியாது. "சரிங்க சார்," என்று கொய்யாவை எடுத்தார். பையில் இரண்டு குச்சிகள் இருந்தன.

அன்று மாலை எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எழுதினேன். ஆங்கிலத்தில், நல்ல நடையில். காற்புள்ளிகளை இரண்டு முறை சரிபார்த்தேன். அதில் டிராகன் ஃப்ரூட் கேள்வி இல்லை. இளைஞர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதையும் மாற்றிவிட்டேன். திராட்சையைக் கையில் வைத்துக்கொண்டு கிரேப்ஃப்ரூட் என்று அடம்பிடிக்கும் ஒரு வெட்டுப்பழக்காரியும், அவளிடம் பொறுமையாகத் தோற்றுப்போகும் ஒரு கிழட்டு ஆசிரியரும் மட்டுமே அதில் இருந்தார்கள். கடைசியில் அவருக்கு ஒரு பட்டமும் சூட்டினேன்: 'தி கிரேப்ஃப்ரூட் லேடி.'

பத்து நிமிடத்தில் திரை முழுவதும் சிரித்த முகங்கள். என் பழைய மாணவன் மூன்று முகம் போட்டிருந்தான். மனைவி இறந்த பிறகு நான் எழுதியதை யாரோ ரசித்த முதல் நாள் அது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் நான் போனபோது அவர் ஒரு பையைத் திறந்து காட்டினார். உள்ளே மஞ்சளும் சிவப்பும் கலந்த தோலோடு ஒரு பழம்.

"பஸ் பிடிச்சு டவுனுக்குப் போய் வாங்கிட்டு வந்தேன் சார். கிரேப்ஃப்ரூட்டு. பார்க்காத பொருளுக்கு எப்படிப் பேரு மனசுல நிக்கும்? நீங்க சாப்பிட்டிருக்கீங்கல்ல?"

நான் அதைக் கையால் தொட்டதுகூட இல்லை. பாடப்புத்தகப் படத்தில் பார்த்ததுதான். "சாப்பிட்டிருக்கேன்," என்றேன்.

குறுக்காக வெட்டினார். உள்ளே இளஞ்சிவப்பு. பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு மற்றப் பாதியைத் தான் கடித்தார். முகம் கோணியது.

"அலமாக்! என்ன சார் இப்படிக் கசக்குது!"

எனக்கும் கசந்தது. தெரிந்தவன் போல மென்றுகொண்டிருந்தேன். அவர் சிரித்தார். பிறகு சட்டென்று, "இப்பப் புரிஞ்சிடுச்சு சார்," என்றார்.

"என்ன?"

"திராட்சை இனிப்பு. அது பாட்டுக்குத் தனியாப் போயிடும். இது கசப்புல்ல? அதான் ஃப்ரூட்னு துணைக்குப் போட்டு அனுப்பியிருக்காங்க. இல்லன்னா யாரு வாங்குவா?"

இலக்கணத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் அன்றிலிருந்து ஒரு தடவைகூட அவர் தவறவில்லை. கிரேப்ஸ், கிரேப்ஸ், கிரேப்ஸ். நான் முப்பத்து மூன்று வருடத்தில் யாருக்கும் ஒரு சொல்லை இவ்வளவு நன்றாகப் பதிய வைத்ததில்லை. அதையும் நான் செய்யவில்லை, அவரே செய்துகொண்டார். அந்தக் கசப்புப் பழத்தை நான் அவர் எதிரில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தபோது என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. குழுவில் யாரோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு அந்தப் பட்டம் தெருவுக்கு இறங்கியது. "கிரேப்ஃப்ரூட் அக்கா, ரெண்டு பாக்கெட்டு," என்று பையன்கள் கேட்கத் தொடங்கினார்கள். அவருக்கு அது தன்னைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவர்கள் தவறாகச் சொல்கிறார்கள் என்றே நினைத்தார்.

"இல்ல தம்பி, அப்படிச் சொல்லக் கூடாது. கிரேப்ஸ். ஃப்ரூட் போட்டா வேற பழம் ஆயிடும், கசக்கும். சார்தான் சொல்லிக் கொடுத்தாங்க," என்று என்னைக் காட்டுவார். பெருமையாகக் காட்டுவார்.

பையன்கள் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்கள். நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு முறை அல்ல, பல முறை.

நேர்காணல் ஒரு சனிக்கிழமை. காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கியிருந்தார். பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்து மூன்று தடவை தொட்டுப் பார்த்தார். முந்தின நாள் என்னிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். "குட் மார்னிங் சார். மை நேம் இஸ்..." என்று தொடங்கி, "தீஸ் கிரேப்ஸ் ஆர் வெரி ஸ்வீட்," என்று முடித்தார். ஒரு பிழை இல்லை.

"பேருப் பலகைய அன்னைக்கே குத்திடுவாங்களா சார்? இல்ல, மாசம் கழிச்சா?"

"வேலையில் சேர்ந்த அன்னைக்கே."

"வேலைக்கு எடுத்துட்டா உங்களுக்குத்தான் முதல்ல காட்டுவேன்," என்றார்.

சனிக்கிழமை மாலை அவர் கடை திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் திறக்கவில்லை. என் மாணவனுக்கு போன் செய்தேன்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டாங்க? நல்லாப் பேசுவாங்கன்னு சொன்னீங்க. வாயே திறக்கல சார்."

"பயந்திருப்பாங்க."

"வரும்போது நல்லாத்தான் சார் வந்தாங்க. மேனேஜர் முன்னாடி கொஞ்சம் கலகலன்னு இருக்கட்டும்னு உங்க ஜோக்கைச் சொன்னேன். இவங்கதான் எங்க பெர்மாஸ் ஜெயாவோட தி கிரேப்ஃப்ரூட் லேடின்னு. மேனேஜரும் சிரிச்சிட்டு, சும்மா விளையாட்டுக்கு, ஒரு கொத்து கிரேப்ஸைத் தூக்கிக் காட்டி, வாட் இஸ் திஸ்ஸுன்னு கேட்டாரு. இவங்க அவரைப் பார்க்கல சார், என்னைப் பார்க்கிறாங்க. 'சாரா அப்படிச் சொன்னாரு?'ன்னு தமிழ்ல கேட்டாங்க. ஆமாக்கா, குரூப்ல போட்டாரே, ஊரே படிச்சிச்சே, நீங்க பார்க்கலையான்னேன். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல."

"பேர் கேட்டாரா?"

"கேட்டாரு சார். அதுக்குக்கூட பதில் இல்ல. திராட்சையையே பார்த்துக்கிட்டு நின்னாங்க."

நான் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவன் மேல் கோபப்படப் பார்த்தேன். முடியவில்லை. நான் எழுதியதை அவன் வாசித்தான், அவ்வளவுதான்.

நான்கு நாள் கழித்துக் குடை விரிந்திருந்தது. போகாமல் இருக்க நினைத்தேன். பிறகு, போகாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டது ஆகிவிடும் என்று போனேன். என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அழுத அடையாளமும் இல்லை.

"யெஸ் சார். கோவா, பப்பாயா, மேங்கோ, கிரேப்ஸ்," என்றார்.

எல்லாம் மொட்டையாக. நான் கற்றுக்கொடுத்தபடியே.

கொய்யாவைக் காட்டி, "கோவா," என்றேன்.

வெட்டினார். தூளைத் தூவினார். பையைக் குலுக்கினார். குச்சி குத்திக் கொடுத்தார்.

ஒரே ஒரு குச்சி.

இன்னொரு குச்சி எங்கே என்று கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மன்னிப்பு வரைக்கும் போயிருக்கலாம். பக்கத்தில் வேறு யாரும்கூட இல்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "உச்சரிப்பு நல்லா வந்திருக்கு."

"தேங்க் யூ சார்," என்றார். பின்னால் நன்றி வரவில்லை.

அடுத்த மாதம் அந்தச் சுவர் ஓரம் காலியாக இருந்தது. மருந்துக் கடைச் சீனரிடம் கேட்டேன். ரெங்கத்துக்குப் பக்கத்து ஊரான சிம்பாங் ரெங்கத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், அங்கே பழக்கடை போடப்போவதாகச் சொன்னார் என்றார். சீனரும் அவரை ஆன்ட்டி என்றுதான் குறிப்பிட்டார். நான் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினேன். யாரும் காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நோட்டைக் கிழித்துப் போட்டேன். இதையெல்லாம் செய்வது சுலபம். சிம்பாங் ரெங்கம் ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கே போக எனக்கு ஐந்து வருடம் ஆனது.

போன மாதம் கிளினிக்கில் அந்தப் பெண் வழக்கம்போல், "கிரேப்ஃப்ரூட் சாப்பிடக் கூடாது," என்றாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவன் சிரித்தான். அன்று மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றவர்களில் ஒருவன். இப்போது கையில் குழந்தை.

"சார், நம்ம கிரேப்ஃப்ரூட் அக்கா ஞாபகம் இருக்கா? என்னா காமெடி சார் அது!"

ஆக, அது இன்னும் உயிரோடு இருந்தது. அவர் போன பிறகும், நான் குழுவை விட்டு வந்த பிறகும், பெர்மாஸ் ஜெயாவில் அவரைப் பற்றி மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை லார்க்கின் பஸ் நிலையத்தில் பஸ் ஏறிச் சிம்பாங் ரெங்கம் போனேன். அன்னாசிக்குப் பேர்போன ஊர். சாலையோரம் பழக்கடைகள் வரிசையாக இருந்தன. ஒரு கடையில் தமிழ்ப் பெண் ஒருத்தி, முப்பது வயது இருக்கும், பழம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் போனேன்.

"ஒருத்தரைத் தேடி வந்தேன்மா. பெர்மாஸ் ஜெயாவுல வெட்டுப்பழக் கடை வச்சிருந்தாங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இங்க வந்துட்டாங்க. மகள் வீடு இங்கதான்."

"பேரு என்ன ஐயா?"

பஸ்ஸில் வரும்போது முழுவதும் அதைத்தான் நினைவுபடுத்திக்கொண்டு வந்திருந்தேன். மை நேம் இஸ், மை நேம் இஸ். அந்த மூன்று சொற்களும் அவர் குரலிலேயே தெளிவாகக் கேட்டன. அதற்கு அடுத்தது கேட்கவில்லை. ஒரு அம்மன் பெயர் என்பது மட்டும் நினைவில் இருந்தது. மாரியா, காளியா, முத்துவா?

"ஏதோ அம்மன் பேரு."

அவள் சிரித்தாள். "எங்க அம்மா, பெரியம்மா, அத்தை எல்லாருக்கும் அம்மன் பேருதான் ஐயா. ஆளு எப்படி இருப்பாங்க?"

"ஒல்லியா இருப்பாங்க. நல்லாப் பேசுவாங்க." பிறகு, இதைச் சொன்னால் தெரிந்துவிடும் என்று நம்பிச் சொன்னேன். "எல்லாத்துக்கும் பழம்னு சேர்த்துச் சொல்லுவாங்க. ஆப்பிள் பழம், ஆரஞ்சுப் பழம், கிரேப்புப் பழம்னு."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"நாங்க எல்லாரும் அப்படித்தானே ஐயா சொல்லுவோம்?"

முன்னால் ஒரு லோரி போயிற்று.

"பட்டப்பேரு ஏதும் இருக்கா ஐயா? அது சொன்னா சில நேரம் ஆளு தெரிஞ்சிடும். ஊரு பேச்சு எல்லா இடத்துக்கும் வந்திடும்ல."

இருந்தது. அதைச் சொன்னால் அவர் ஒருவேளை கிடைத்திருப்பார். ஆனால் அவரைக் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே அந்தப் பெயர் இந்த ஊருக்கும் வந்து சேர்ந்திருக்கும்.

"இல்லம்மா," என்றேன். "அப்படி ஒண்ணும் இல்ல."

"வேற யார்கிட்டயாச்சும் கேட்டுப் பார்க்கிறேன். நம்பர் கொடுத்துட்டுப் போங்க." ஒரு அட்டைத் துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதைத் தராசுக்கு அடியில் செருகினாள். "உங்களுக்கு ஏதும் வேணுமா ஐயா?"

தட்டில் கறுப்புத் திராட்சை இருந்தது.

"கிரேப்புப் பழம் அரை கிலோ கொடும்மா," என்றேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு கொத்தை எடுத்துத் தராசில் வைத்தாள்.